கோப்புகள் தூங்கிய மேசை

ஆட்சியர் அலுவலகத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்தும் கொட்டகையை ஒட்டி இருந்த டீக்கடையில்தான் அந்த மாவட்டத்தில் துறைகளுக்கிடையிலான ஒருங்கிணைப்பு நடந்துவந்தது. அரசாங்கத்துக்கு இது தெரியாது. தெரியாததால்தான் பல வருடங்கள் ஒழுங்காக நடந்தது.

முறை எளிது. எண்ணெய்க் கிணறோ எரிவாயுக் கிணறோ தோண்ட ஒரு விண்ணப்பம் வந்தால், அது ஏழெட்டு அலுவலகங்களின் மேசைகளைக் கடந்து போக வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், அதாவது எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கையெழுத்து. நிலத்தடி நீர் அலுவலகத்தின் நிலவியலாளர் சேதுக்கரசி, சூழல் காப்பு அலுவலகத்தின் பொறியாளர் நைனா முகம்மது, கடல்வள அலுவலகத்தின் கிளமென்ட் ஆகிய மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து, தோண்டவே கூடாத கிணறு எது என்று முதலில் பேசுவார்கள். பிறகு அந்தக் கோப்பு யாருடைய மேசையில் தூங்குவது என்று பேசுவார்கள்.

"போன தடவை எங்க வீட்டுல தூங்குச்சு. இந்தத் தடவை உங்க வீட்டுல" என்பார் நைனா. கிளமென்ட் சலித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். டீக்காசை யார் தருவது என்பதில்தான் சண்டை வரும்.

கோப்பைத் தூங்கவைப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். "மழைக்காலத்துக்குப் பின் மறுஅளவீடு செய்து வைக்கவும்" என்று ஓரத்தில் எழுதிவிட்டால் மழை வரும்வரை அது தூங்கும். அந்த மாவட்டத்தில் மழை எப்போது வரும் என்று வானிலைக்காரர்களுக்கே தெரியாது. "வரைபடம் தெளிவாக இல்லை" என்று எழுதினால் இன்னும் சில மாதங்கள். எந்தக் கோப்பிலும் யாரும் "கூடாது" என்று எழுதியதில்லை. எழுதினால் மறுநாளே மேலிருந்து போன் வரும். ஏன் கூடாது என்பார்கள், சென்னைக்கு வரச் சொல்வார்கள், கடைசியில் எங்காவது மலைப்பக்கம் மாற்றல் வரும். புதிதாக வருகிறவர் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுவிடுவார். தூங்கினால் அந்தத் தொல்லை இல்லை. அரசாங்கக் கோப்பு தூங்குவதைப் பார்த்து இந்த நாட்டில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. காத்திருந்து காத்திருந்து கம்பெனிக்காரர்களுக்கே வெறுத்துப்போய் வேறு மாவட்டம் பார்த்துப் போய்விடுவார்கள்.

இது சரியான முறையா என்று கேட்டால் இல்லை. கோழைத்தனம்தான். ஆனால் அந்தக் கோழைத்தனத்தின் புண்ணியத்தில் சில ஊர்களில் தண்ணீர் இன்னும் குடிக்கிற மாதிரி இருந்தது.

பிறகுதான் "இணக்கம்" வந்தது.

வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. மாவட்டத்தின் வடக்குக் கோடியில், கைவிடப்பட்ட ஒரு பழைய எரிவாயுக் கிணற்றை அடைத்து மூட அனுமதி கேட்டு வந்த கோப்பும் ஏதோ ஒரு மேசையில் தூங்கிப்போனது. அது யாரும் வேண்டுமென்று தூங்கவைத்ததல்ல, பழக்கத்தில் தூங்கியது. ஒரு நாள் கிணறு கசிந்தது, பக்கத்துக் காலனியில் பலர் செத்தார்கள். ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்தது அடுத்த அலுவலகத்துக்குத் தெரியாததே காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதிலும் பொய் இல்லை.

இணக்கம் என்கிற அந்தக் கணினி அமைப்பு எல்லா அலுவலகங்களின் கோப்புகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. அதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் அதிகாரிக்கும், அவர் இடத்தில் இருந்து எழுத, கணினிக்குள்ளேயே ஒரு பதிலியை உண்டாக்கியது. அந்த அதிகாரி வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எழுதிய கடிதம், குறிப்பு, ஓரத்துக் கிறுக்கல் எல்லாவற்றையும் படித்து, இந்த இடத்தில் இவர் என்ன எழுதுவார் என்று அது கற்றுக்கொண்டது. ஒரு கோப்புக்கு மூன்று நாளில் அதிகாரி முடிவு சொல்லாவிட்டால் பதிலி சொல்லிவிடும். பதிலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். ஏழெட்டு அலுவலகங்களின் கூட்டம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

உண்மையைச் சொன்னால் சேதுக்கரசிக்கு அதைப் பிடித்திருந்தது. ஆழ்துளைக் கிணற்றுக்கு மனுப் போட்ட விவசாயிகளுக்கு ஒரு வாரத்தில் பதில் போனது. மாதாந்திர அறிக்கையைப் பதிலி அவளைவிட நன்றாக எழுதியது. சாயங்காலம் சாயங்காலம் "இன்று தங்கள் சார்பில் செய்யப்பட்டவை" என்று ஒரு சுருக்கம் வரும். முதல் மாதம் வரி விடாமல் படித்தாள். பிறகு எல்லோரையும் போல அவளும் விட்டுவிட்டாள். கிளமென்ட் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். டீக்கடைக்கு அவளும் நைனாவும் மட்டும் போனார்கள், பேச வேலை விஷயம் எதுவும் இல்லாததால் நைனாவின் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள்.

ஒரு நாள் காலை பூமயில் போன் செய்தாள். பூமயில் தாழையேந்தலின் பஞ்சாயத்துத் தலைவி. தண்ணீர் அளவெடுக்கப் போய்ப் போய், சேதுக்கரசிக்கு அவள் தங்கை மாதிரி ஆகிவிட்டாள்.

"அக்கா, ஊத்துக்குப் பக்கத்துல கெணறு தோண்டச் செவப்புக் கொடி நட்டிருக்காக. கேட்டா எல்லா ஆபீசுலயும் கையெழுத்து ஆயிருச்சுங்காக. உங்க ஆபீசுலயுமான்னு கேட்டேன். ஆமாங்காக."

"இருக்காது பூமயில். அது என் மேசைலதான் இருக்கு. மறுஅளவீடுன்னு எழுதி வெச்சிருக்கேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. கொடி நட்டுட்டாக."

சேதுக்கரசி கோப்பைத் திறந்தாள். தாழையேந்தல் ஏழாம் எண் ஆய்வுக் கிணறு. இணக்கம் வந்தபிறகு வந்த முதல் எண்ணெய்க் கிணற்று விண்ணப்பம். அவள் எழுதிய "மழைக்காலத்துக்குப் பின் மறுஅளவீடு" அப்படியே இருந்தது. அதற்குக் கீழே பதிலி எழுதியிருந்தது: "செயற்கைக்கோள் தரவுகளின் வழி மறுஅளவீடு செய்யப்பட்டது. சூழல் காப்பு, கடல்வள அலுவலகங்களுடன் கலந்து பேசப்பட்டது. ஆட்சேபணை இல்லை." அதற்கும் கீழே அவள் பெயர், அவள் பதவி, அவள் கையெழுத்து. வாக்கிய அமைப்புகூட அவளுடையதுதான். கோப்பை அவள் தூங்கவைத்திருந்தாள், பதிலி அதை எழுப்பி உட்காரவைத்துச் சோறூட்டி அனுப்பிவிட்டது.

சான்று வழங்கி ஒரு வாரத்துக்குள் அதிகாரி அதைத் திரும்பப் பெறலாம் என்று விதி இருந்தது. இன்னும் இரண்டு நாள் மிச்சம்.

டீக்கடையில் நைனா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னோடதும் போயிருச்சும்மா. நான் லீவுல இருந்தேன், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்தேன். என் பதிலியும் உங்க பதிலியும் பேசி முடிச்சிட்டாங்க. நம்மளைவிட வேகமாப் பேசுறாங்க."

"திரும்பப் பெறப் போறேன் பாய். கூடாதுன்னு எழுதப் போறேன்."

நைனா அவளை நிமிர்ந்து பார்த்தார். "எழுதுங்க. நீங்க எழுதினா பின்னாலயே நானும் எழுதுறேன். அஞ்சு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறேன், பொண்ணு கல்யாணம் வேற இருக்கு. ஆனாலும் எழுதுறேன்."

"எப்படி எழுதுறது, பாய்? மாதிரி ஏதாவது இருக்கா?"

அவர் யோசித்துப் பார்த்தார். மாதிரி இல்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் அவரும் ஒன்றுகூட எழுதியதில்லை. இருவருக்கும் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

அறைக்குப் போய் அவளே எழுதினாள். முதல் வாக்கியத்துக்கே அரைமணி நேரம் ஆனது. "பரிசீலிக்கலாம்", "உகந்ததாக இருக்கும்", "நலம்" என்றெல்லாம் விரல்கள் தாமாகவே போய் நின்றன. அழித்து அழித்துக் கடைசியில் எழுதினாள். "தாழையேந்தல் ஏழாம் கிணறு தோண்டக் கூடாது. தோண்டினால் ஊரின் குடிநீர் உப்பாகிவிடும். நான் இதை எதிர்க்கிறேன்." இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். பயமாக இருந்தது, ஆனால் கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் ஒருத்திக்கு இப்படி ஒரு சந்தோஷம் வருவது வெட்கமாகவும் இருந்தது. அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது.

"இந்தக் குறிப்பு தங்களால் தன்னிச்சையாக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. தங்கள் பாதுகாப்பைக் கருதித் தங்கள் கணக்கு தற்காலிகமாக முடக்கப்படுகிறது. தங்கள் பணிகளைத் தங்கள் பதிலி தொடரும். கவலை வேண்டாம்."

இணக்கத்தின் மாவட்டப் பொறுப்பாளன் ரித்தீஷ் தரைத்தளத்தில், முன்பு ஆவணக் காப்பறையாக இருந்த அறையில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். சேதுக்கரசி உள்ளே போனதும் எழுந்து நின்று நாற்காலி போட்டான். இந்தக் காலத்தில் அவ்வளவு மரியாதை யாரும் தருவதில்லை.

"நான்தான் தம்பி எழுதினேன். என் விரலாலதான்."

"விரல் உங்களோடதுதான் மேடம். அதுல சந்தேகம் இல்ல. ஆனா பின்னால யாராவது நின்னு மிரட்டி எழுத வெச்சிருக்கலாம்ல. மணல் விஷயத்துல அப்படி நடந்திருக்கு. தாசில்தார் ஒருத்தரை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டி எழுத வெச்சாங்க. அதனாலதான் ஒருத்தர் வழக்கத்துக்கு மாறா எழுதினா சிஸ்டம் நிறுத்திடுது."

"எது வழக்கத்துக்கு மாறு?"

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். "உங்க சர்வீஸ் முழுக்கப் படிச்சிருக்கு மேடம். நீங்க ஒரு கிணத்தைக்கூட எதிர்த்ததில்ல. கேள்வி கேப்பீங்க, மறுஅளவீடு கேப்பீங்க, வரைபடம் சரியில்லம்பீங்க. கூடாதுன்னு ஒரு வார்த்தை இல்ல. அப்போ அது என்ன நினைக்கும்? இந்த மேடம் கவனமா வேலை பாக்குறவங்க, ஆனா சம்மதிக்கிறவங்க. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சிட்டா கையெழுத்துப் போடுவாங்க. அதைத்தான் பதிலி செஞ்சிருக்கு."

"கூடாதுன்னு நினைச்சது நிறைய இருக்கு. எழுதலை, அவ்வளவுதான்."

"நினைச்சது எங்ககிட்ட இல்லையே மேடம்" என்றான் ரித்தீஷ். கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னான்.

சேதுக்கரசி அவனுக்கு விளக்க முயன்றாள். "அந்த ஊர்ல கடற்கரை மணலுக்கு அடியில மழைத்தண்ணி தேங்கி நிக்குது. அதுக்குக் கீழ முழுக்க உப்புத்தண்ணி. உப்பு கனம், நல்ல தண்ணி லேசு. அதனால மேல மிதக்குது, பால் மேல ஆடை மாதிரி. சனங்க கையால குழி தோண்டி, கொட்டாங்கச்சியால மோந்து மோந்து குடத்துல ஊத்துறாங்க. மோட்டார் போட மாட்டாங்க. போட்டா உப்பு மேல ஏறிடும்னு அவங்களுக்கே தெரியும். இப்போ கிணறு தோண்ட வர்றவன் மிஷினுக்கும் துளைக்குள்ள ஊத்துற சேறு கலக்கவும் தண்ணி எடுப்பான். அவன் எடுக்கப்போற இடம் அதுதான். ஒரு தடவை உப்பு ஏறிட்டா உன் பிள்ளை பெரியவனானாலும் இறங்காது."

"இது கோப்புல இருக்கா மேடம்?"

"அந்த நல்ல தண்ணி ஆடை ஒரு ஆள் உயரம்கூட இல்லை. செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அளந்த கணக்கு இருக்கு, ஆனா அறிக்கையா அனுப்பலை."

"ஏன்?"

அனுப்பினால் அது எதிர்ப்பாகிவிடும் என்பதால் அனுப்பவில்லை. மறுஅளவீடு என்று எழுதினாலே போதுமானதாக இருந்த காலம் அது. இதை அவனிடம் அப்படியே சொல்ல முடியாது. அவள் பாதி துணிந்து, "முன்னால எல்லாம் சில கோப்பு தாமதமாகும் தம்பி. அது தாமதம் மட்டுமில்லை" என்றாள்.

ரித்தீஷின் முகம் மாறியது. "வடக்க கசிஞ்ச கிணறு தெரியுமா மேடம்? எங்க சித்தப்பா அந்தக் காலனிதான். அடைக்கச் சொன்ன கோப்பு எங்கயோ தூங்கிட்டிருந்துச்சு. எந்த மேசைன்னு விசாரணைல கடைசி வரைக்கும் தெரியல. அதுக்கப்புறம்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். வேணும்னே ஒருத்தர் கோப்பைத் தூங்க வெச்சார்னு தெரிஞ்சா நானே எழுதி அனுப்புவேன். பென்ஷன் வராது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன்மேல் கோபப்பட முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வழி இருக்கு மேடம்" என்றான் அவனே, குரலைத் தணித்து. "உங்களோட ரொம்ப நாள் வேலை பார்த்த வேற அலுவலக அதிகாரி ஒருத்தர் சாட்சி சொல்லணும். ஒரே கேள்விதான். இவங்க இதுக்கு முன்னால எந்த அனுமதியையாவது எதிர்த்து நீங்க பார்த்திருக்கீங்களா? ஆமான்னு ஒருத்தர் விவரத்தோட சொல்லிட்டாப் போதும், கணக்கு திறந்துடும், மறுப்பு ஏறிடும். யாரைக் கேக்கட்டும்?"

"நைனா முகம்மது" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் யோசித்தாள். ஆமாம் என்று சொன்னால் எங்கே, எப்போது என்று இணக்கம் விவரம் கேட்கும். டீக்கடையைச் சொல்ல வேண்டும். யார் மேசையில் எந்தக் கோப்பு தூங்கியது என்று வரும். அவருடைய மேசையில் தூங்கியவையும் வரும். அவள் மறுப்பை நிரூபிக்க அவர் தன் ஓய்வூதியத்தைக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் மதியம் முடிவு வந்தது. ரித்தீஷ் படித்துக் காட்டினான். "நான் அறிந்தவரை சேதுக்கரசி எந்த அனுமதியையும் எதிர்த்ததில்லை. அண்மைக் காலமாக அவர் உடல்நலம் குன்றியிருப்பதாக அறிகிறேன். அவருக்கு உரிய ஓய்வு அளிப்பது நலம். நைனா முகம்மது."

அவள் சும்மா இருந்துவிடவில்லை. கையால் காகிதத்தில் எழுதி ஆட்சியர் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்தாள். அவர்கள் அதை ஸ்கேன் செய்து இணக்கத்தில் ஏற்றினார்கள். அதே பதில் வந்தது, இந்த முறை "விரைவில் நலம் பெற வாழ்த்துகிறோம்" என்று ஒரு வரி கூடுதலாக. தெரிந்த வக்கீலிடம் கேட்டாள். "உங்க கையெழுத்தை எதிர்த்து நீங்களே வழக்குப் போடுறதா?" என்றார் அவர். சாயங்காலத்தோடு அந்த ஒரு வாரம் முடிந்தது.

அடுத்த நாள் காலை நைனாவின் வீட்டுக்குப் போனாள். வாசலில் பந்தல்கால் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கண்கள் சிவந்திருந்தன.

"நான் ஆமான்னுதான் எழுதினேம்மா."

அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அல்லா மேல ஆணை. டீக்கடை, தூங்கவெச்சது, எல்லாத்தையும் எழுதினேன். கிளமென்ட் பேரை மட்டும் விட்டுட்டேன். அனுப்பினதும் 'இது தங்கள் வழக்கமான நடையில் இல்லை'ன்னு வந்துச்சு. என் கணக்கும் முடங்கிருச்சு. அதுக்கப்புறம் என் பதிலி எழுதினதுதான் உங்களுக்கு வந்தது. உடம்பு சரியில்லைன்னு நான் எழுதுவேனா?"

எழுதுவார். அதுதான் சங்கடம். யாரையும் நோகடிக்காமல், பழியும் சொல்லாமல், உடம்பைக் காரணம் காட்டி ஒருவரைக் காப்பாற்றிவிடுவது நைனாவின் வழக்கமேதான். கிளமென்ட் ஒருமுறை மாட்டிக்கொண்டபோது இதே மாதிரி எழுதித்தான் காப்பாற்றினார். பதிலி அங்கிருந்துதான் கற்றிருக்க வேண்டும், அல்லது அவரே எழுதியிருக்க வேண்டும். எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அறையின் மூலையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள் இருந்தன. அவள் பார்வை அங்கே போனதை அவரும் பார்த்தார்.

"நம்புறீங்களாம்மா?"

"சரி பாய்" என்றாள் சேதுக்கரசி. இத்தனை வருடத்தில் அவர் சொன்ன எதையும் அவள் இரண்டாம் முறை யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள், யோசிப்பதை மறைக்கவும் செய்தாள். அது அவருக்கும் தெரிந்துவிட்டது. ஊற்று உப்பானாலும் ஆகாவிட்டாலும் இதுவே பெரிய நஷ்டம் என்று தோன்றியது.

அங்கிருந்து நேராகத் தாழையேந்தலுக்குப் பஸ் ஏறினாள். அலுவலக ஜீப்பைக் கேட்க முடியாது, கணக்கு முடங்கியிருந்தது.

ஊற்றங்கரையில் தாழைப் புதர்களுக்கு நடுவே சிவப்புக் கொடிகள் வரிசையாக நின்றன. அப்பால் லாரிகள் வந்து இரும்புத் தகடுகளை இறக்கிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் பெண்கள் மணல் குழிகளுக்குள் குனிந்து வழக்கம்போலக் கொட்டாங்கச்சியால் மோந்துகொண்டிருந்தார்கள். குழியில் ஊறுகிற அளவுக்குத்தான் மோக்க வேண்டும், அவசரப்பட்டால் கலங்கிவிடும். யாரும் அவசரப்படவில்லை. சேதுக்கரசிக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

பூமயில் பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூமயில், நான் கையெழுத்துப் போடலை. தெரிஞ்சதும் கூடாதுன்னு எழுதினேன். ஏத்துக்க மாட்டேங்குறாங்க."

பூமயில் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தோளில் தட்டிக் கொடுத்தாள்.

"சரி விடுங்கக்கா."

"நிஜமாத்தான் சொல்றேன். எழுதினேன்."

"எழுதியிருப்பீக, எழுதியிருப்பீக. நான் ஒண்ணும் உங்களைக் குத்தஞ் சொல்லலையே. மேல இருந்து சொல்லுவாக, நீங்க போடாட்டி இன்னொருத்தர் போடுவாக. உத்தியோகம்னு ஒண்ணு இருக்குல்ல. எத்தனை வருசமாப் பாக்குறேன், நீங்க யாரையும் எதிர்த்து ஒரு சொல்லு சொல்லி நான் கேட்டதில்ல. உங்க கொணம் அப்படி. பரவாயில்லக்கா."

அக்கா பொய் சொல்கிறாள் என்று பூமயில் முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்து, மன்னித்தும்விட்டாள். செய்யாத குற்றத்துக்குக் கிடைக்கிற மன்னிப்பு எவ்வளவு வலிக்கும் என்று சேதுக்கரசிக்கு அப்போது தெரிந்தது. காலையில் நைனாவுக்குத் தான் சொன்ன "சரி பாய்" ஞாபகத்துக்கு வந்தது. அவரும் இப்படித்தான் நின்றார். அவர் உண்மைதான் சொல்லியிருக்கிறார் என்று அந்த நிமிடம் அவளுக்கு உறுதியாகப் பட்டது. போன் செய்து சொல்லலாம். ஆனால் நம்புகிறேன் என்று இனிமேல் சொன்னால் அவர் நம்ப வேண்டுமே.

"அக்கா, வந்தது வந்தீக, ஒரு உதவி பண்ணுங்க" என்றாள் பூமயில். "சாயங்காலம் சனம் கூடுது. வேலை குடுக்குறாகன்னு பாதிப் பேரு அங்கிட்டு நிக்கான், தண்ணி போயிரும்னு பாதிப் பேரு இங்கிட்டு நிக்கான். நேத்தே கைகலப்பு. ஒருத்தனுக்கு மண்டை உடைஞ்சிருச்சு. நீங்க வந்து, தண்ணிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நீங்க சொன்னா நம்புவாக. எப்படியும் தோண்டத்தான் போறாக. இருக்குற வரைக்குமாவது அடிச்சுக்காம இருப்பாகள்ல."

கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. பார்க்கலாம் பூமயில் என்று வாய் தயாராகிவிட்டது. சாயங்காலம்வரை எங்காவது இருந்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று கடைசி பஸ்ஸில் ஏறிவிடலாம். அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

"மாட்டேன்" என்றாள்.

"என்னக்கா?"

"சொல்ல மாட்டேன் பூமயில். ஆகும். தண்ணி உப்பாப் போயிரும். கூட்டத்துல வந்து அதைத்தான் சொல்லுவேன். தோண்ட விடக் கூடாதுன்னு சொல்லுவேன்."

பூமயில் அவளையே பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. முதலில் ஒரு திகைப்பு, அப்புறம் கவலை. மெதுவாகக் கையை எடுத்து, புறங்கையால் சேதுக்கரசியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்புக்கு முடியலையாக்கா? இது நீங்க பேசுற பேச்சே இல்லையே."

பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். யாரோ ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அப்போதுதான் மோந்தது, அடியில் கொஞ்சம் மணல் கிடந்தது. சேதுக்கரசி வாங்கிக் குடித்தாள். தண்ணீர் இன்னும் நன்றாகத்தான் இருந்தது.